சிவப்புச் சீட்டுக்காரியின் தலை

அக்காவின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்த அருங்காட்சியகக் காவலாளி, தங்கைக்கு மதியச் சாப்பாடு வருகிறது என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார். திறந்து பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார். டப்பா நிறைய இலைச் சுருள்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் ஒரு கணு நீளம், குட்டிப் பீப்பாய் மாதிரி, இரண்டு முனையும் கச்சிதமாக மூடியிருந்தது. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு வந்த அக்கா, டப்பாவை நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"என் செடியில எவனோ உக்காந்து சுருட்டு சுத்திக்கிட்டு இருக்கான்டி. ஒரு வரிசை பூரா போச்சு. என்ன மருந்து அடிக்கணும்னு சொல்லு, நான் கிளம்பறேன்."

அக்கா வைத்திருப்பது நாற்றுப் பண்ணை. செடியைத் தின்கிற எதையும் அவள் மன்னித்ததில்லை. தங்கை மருந்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்றை உருவி, ஒரு சுருளைப் பிரிக்க ஆரம்பித்தாள். காலரில் எந்நேரமும் நாலைந்து ஊசி இருப்பதால் அந்தக் கட்டிடம் முழுக்க அவளுக்கு ஊசியம்மா என்றுதான் பெயர். வண்டுகளை ஊசியில் குத்தி, சீட்டு எழுதி, இழுப்பறையில் அடுக்கி, இது இன்ன வண்டு என்று கேட்பவர்களுக்குச் சொல்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே நாற்காலி, அதே குளிர்.

சுருள் பிரியப் பிரிய மடிப்புக்குள் மடிப்பாக வந்தது. கடைசி மடிப்பில் ஒரு முட்டை. கடுகில் பாதி இருக்கும், மஞ்சள் நிறம்.

அக்காவும் தலையை நீட்டிப் பார்த்தாள். "எதை வச்சு ஒட்டியிருக்கு?"

"ஒட்டல. பசையும் கிடையாது, நூலும் கிடையாது. மடிச்சு சொருகியிருக்கு, அவ்ளோதான். குஞ்சு உள்ளேயே பொறிச்சு, அந்த இலையையே தின்னு வளரும்."

"அடேங்கப்பா! எங்க பண்ணையில ஒருத்தன் ஒரு தொட்டியைப் பார்சல் கட்டறதுக்கு ஒரு ரோல் டேப்பைக் காலி பண்றான்."

டப்பாவின் அடியில் கைவேலைக்காரிகளும் இருந்தார்கள், இரண்டு பேர். அரிசியளவு உடம்பு. முதுகு மிளகாய்ப்பழச் சிவப்பு, தோளில் இரண்டு புடைப்பு. தலை கருப்பு. அந்தத் தலைதான் வேடிக்கை: கண்ணுக்குப் பின்னால் அப்படியே இழுத்துவிட்டது போல நீண்டு, குறுகி, பாட்டில் கழுத்தாக உடம்பில் போய்ச் சேர்ந்தது. இலை சுருட்டும் கூன்வண்டுகளில் ஊசியம்மாவுக்குத் தெரியாத முகம் குறைவு. இந்த முகம் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு முதுகை எங்கோ பார்த்திருக்கிறாள்.

எங்கே என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டிய அலமாரியின் நான்காவது இழுப்பறையில் அப்படி ஒருத்தி தொண்ணூறு வருடமாக இருக்கிறாள். ஒரு வண்டினத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது எந்த ஒற்றை உடலைப் பார்த்து வைத்தார்களோ, அந்த உடலைக் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்ற வேண்டும். பின்னால் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதன் ஊசியில் ஒரு சிவப்புச் சீட்டு குத்தியிருக்கும். நான்காவது இழுப்பறையில் இருந்த சிவப்புச் சீட்டுக்காரிக்கு உலகத்தில் துணை கிடையாது. அந்த இனத்தில் பிடிபட்டது அவள் ஒருத்திதான். பெயர் வைத்த பெரிய மனிதர் அவளைப் பற்றி எட்டே வரி எழுதியிருந்தார். அதில் மூன்று வரி முதுகின் சிவப்புக்குப் போய்விட்டது. தலைக்கு அரை வரி: "கருப்பு, பளபளப்பானது."

ஊசியம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதுகு அச்சு அசல் அதே முதுகு. தோள் புடைப்பும் அதே. தலை மட்டும் ஏழாம் பொருத்தம். சிவப்புச் சீட்டுக்காரிக்குக் குட்டையான, தடித்த, கழுத்தே இல்லாத தலை. அக்காவின் வண்டுக்குப் பாட்டில் கழுத்து. தலை இவ்வளவு வேறாக இருந்தால் இனமும் வேறு. அதாவது, இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம்.

"மருந்தெல்லாம் அடிக்காதே. இது புதுசு மாதிரி இருக்கு," என்றாள் ஊசியம்மா. "உறுதியாச்சுன்னா உன் பேரையே வைக்கறேன்."

"வண்டுக்கா? எனக்கு வேற மரியாதையே கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு அக்கா காலி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் அவள் தெருவில் விஷயம் தெரியாத வீடு இல்லை.

அதன் பிறகு அக்கா ஆளே மாறிப்போனாள். அந்த வரிசைச் செடிகளை விற்பனைக்குக் கிடையாது என்று ஒதுக்கினாள். நடுவில் ஒரு அட்டையை நட்டு, "இங்கே என் பெயருள்ள வண்டு குடியிருக்கிறது. தொடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், "கட்டினவன் பேரைச் சொல்ல வெக்கப்படுவா, வண்டு பேரைச் சொல்ல மூச்சு வாங்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிட்டார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து, விதைப் பொட்டலங்களின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதினாள். வாரம் ஒருமுறை அந்தப் பொட்டலங்கள் ஊசியம்மாவின் மேசைக்கு வந்தன.

"மொதல்ல இலை மேல நடந்து அளக்கறா. ரெண்டு தடவை. அளவு பிடிக்கலைன்னா வேற இலைக்குப் போயிடறா. ஓரத்துல ஆரம்பிச்சு நடு நரம்பு வரைக்கும் வெட்டறா. நரம்பை முழுசா வெட்டல, கடிச்சு மட்டும் விடறா. அரை மணி சும்மா நிக்கறா. இலை வாடினதும் மடிக்கறா. ஆம்பளை பக்கத்துல நிக்கறான், ஒரு வேலையும் செய்யல."

கடைசி வரியை மாமா இருக்கும்போது அக்கா சத்தமாகப் படித்துக் காட்டினாளாம்.

ஊசியம்மா நான்கு மாதம் உழைத்துக் கட்டுரை எழுதினாள். உணர்கொம்பில் எத்தனை கணு, காலில் எத்தனை முள், முதுகில் எத்தனை புள்ளி வரிசை எல்லாம் எண்ணி எழுதினாள். அக்காவின் பெயருக்குப் பின்னால் லத்தீன் வால் ஒன்றைச் சேர்த்துப் புது இனத்தின் பெயராக வைத்தாள். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு படம்: பழையவள் தலையும் புதியவள் தலையும் அருகருகே. வித்தியாசம் பார்த்தவுடன் தெரிய வேண்டும் அல்லவா?

படம் வரைபவர் அருங்காட்சியகத்து ஓவியர். நுண்ணோக்கிக்குள் சன்னக் கட்டங்கள் போட்ட கண்ணாடி வைத்து, கட்டம் கட்டமாக எண்ணி வரைவார். கண்ணுக்குத் தெரிந்தாலும் கட்டத்தில் வராததை வரைய மாட்டார். அதனால் அவருக்குக் கட்டம் என்று பெயர். கட்டத்தோடு யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. மூன்று நாள் அவர் சிவப்புச் சீட்டுக்காரியோடு மல்லுக்கட்டினார். நான்காம் நாள் காலை பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இந்தத் தலை இந்த உடம்புல உக்காரல."

"உக்காந்துதானே இருக்கு?"

"உக்கார வச்சிருக்கு. கழுத்து ஓட்டை ஆறு கட்டம். தலையோட அடி ஒன்பது கட்டம். குடத்து வாயில அண்டாவைக் கவுத்த மாதிரி இருக்கு. நான் எப்படி வரையறது?"

"தொண்ணூறு வருஷத்து உடம்பு. காஞ்சு சுருங்கியிருக்கும்."

"உடம்பு சுருங்கும், சரி. தலை வீங்குமா?"

ஊசியம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். உடம்பை மேலே இருந்துதான் அவள் எப்போதும் பார்த்திருக்கிறாள், எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கட்டம் ஓட்டையை அளப்பதற்காகப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார். தலை உடம்பைத் தொடும் இடத்தில் மெல்லிய வளையமாகப் பசை தெரிந்தது. ஊசியில் குத்திவைத்த பழைய மாதிரி உடல்களில் ஒட்டுப்போட்ட இடம் இருப்பது அதிசயம் இல்லை. ஆனால் அந்தப் பசைக்குள் ஒரு இழை சிக்கியிருந்தது. நீல நிறக் கம்பளி இழை.

"நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க," என்று கட்டத்தை அனுப்பினாள். டீ குடித்து அரை மணிதான் ஆகிறது என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வேலைக்குச் சேர்ந்த வருடம், அந்த அறைக் குளிர் பழகாத ஊசியம்மா தினமும் ஒரு நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். சேர்ந்து மூன்றாவது மாதம். நான்காவது இழுப்பறைக்குப் பூஞ்சை துடைக்கும் வேலை. இரண்டு வண்டுகளை எடுத்து மேசைமேல் தக்கையில் குத்தி வைத்திருந்தாள், ஒன்று சிவப்புச் சீட்டுக்காரி, மற்றது எங்கும் கிடைக்கிற ஒரு குண்டு வண்டு. திரும்பும்போது நீளமான சட்டைக் கை இரண்டின்மேலும் உரசியது. இரண்டு தலையும் மேசையில் உருண்டன. இரண்டும் கருப்பு, இரண்டும் கடுகளவு. துறைத் தலைவர் வருகிற நேரம். பசையைத் தொட்டு, தலைகளை எடுத்து, வெறும் கண்ணால் பார்த்து ஒட்டினாள். எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. அந்த நொடியை அப்படியே விழுங்கிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில் அவளே மறந்தும் போனாள்.

இப்போது அந்தக் குண்டு வண்டைத் தேட வேண்டும். அது எங்கும் கிடைக்கிற இனம் என்பதால் இழுப்பறையில் நாற்பத்தாறு உடல்கள் இருந்தன. ஒவ்வொன்றாக ஊசியோடு எடுத்து, கண்ணாடிக்கு அடியில் சாய்த்துப் பார்த்தாள். குட்டைத் தலை. குட்டைத் தலை. குட்டைத் தலை. பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அதையும் மீறி அடுத்தது என்ன என்கிற ஆவல்தான் அவள் கையை நடத்தியது. இருபது தாண்டியது, முப்பது தாண்டியது. முப்பத்தொன்றாவது உடம்பில், தடித்த பழுப்பு முதுகின் முன்னால், அளவுக்குப் பொருந்தாமல், ஒரு பாட்டில் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. எங்கும் கிடைக்கிற வண்டை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்?

"கிடைச்சுட்டே!" என்று வாய்விட்டே சொன்னாள். ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் முழு விஷயமும் உறைத்தது. அக்காவின் பண்ணையில் இலை சுருட்டுகிறவள் புது இனம் இல்லை, அவள் சிவப்புச் சீட்டுக்காரியின் சொந்த வம்சம். தொண்ணூறு வருடத்துக்கு முன்பே அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. முதலில் வைத்த பெயர்தான் பெயர், அது இந்தத் தொழிலின் சட்டம். புது இனத்தைப் பெற்றெடுத்தது ஊசியம்மா கையிலிருந்த ஒரு சொட்டுப் பசை.

இன்னொன்றும் இருந்தது. அதை நினைத்தபோது உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடிதக் கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் கூன்வண்டுகளின் கழுத்தை மட்டுமே வாழ்நாள் முழுக்கப் படிக்கிற ஒருவர் இருக்கிறார். ஊசியம்மா அவருக்குக் கழுத்துக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் சிவப்புச் சீட்டுக்காரியின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கடிதம் போட்டிருந்தார். இந்த உடம்புக்கு இந்தத் தலை எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, நீங்கள் ஒருமுறை நேரில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். பணிவான கடிதம். கீழே ஊசியம்மா எழுதிய பதிலின் நகல் இருந்தது. "மாதிரியை நேரில் பார்த்தேன். தலை உட்பட எல்லாம் நல்ல நிலையில் உள்ளது." தேதியைப் பார்த்தாள். அந்த வாரம் அறைக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரிகளை எல்லாம் துணி சுற்றிக் கட்டி வைத்திருந்தது. பார்த்திருக்கவே முடியாது. அன்றைக்கு இருந்த வேலைத் தொல்லையில், பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதித் தள்ளியிருக்கிறாள்.

அந்த வார்த்தையை நம்பிக் கழுத்துக்காரர் கூன்வண்டு வம்சத்தில் சிவப்புச் சீட்டுக்காரிக்கு என்று ஒரு தனிக் கிளையையே உண்டாக்கி ஒரு புத்தகத்தில் அச்சடித்துவிட்டார். அதில் இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

துறைத் தலைவரிடம் போனாள். முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருப்பவர் ஊசியம்மாவுக்கு இளையவர், நல்ல மாதிரி, எதையும் பதமாகப் பேசுகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைங்களை மாத்தி வச்சுடுங்க. கட்டுரையைத் திரும்ப வாங்கிடுங்க. ஒட்டு தப்பா இருந்துச்சுன்னு பொதுவா எழுதலாமே. யார் ஒட்டினதுன்னு எதுக்கு? தொண்ணூறு வருஷத்துல எத்தனையோ கை பட்டிருக்கும்."

"என் கைதான் பட்டுச்சு சார்."

"அது சரி. ஆனா உங்க கடித விஷயத்தையும் அச்சுல போட்டா, இதுவரைக்கும் நீங்க எழுதின எல்லாக் கடிதத்தையும் சந்தேகப்படுவாங்க. 'ஊசியம்மா பாத்தாச்சு'ன்னா அதுக்கு மேல அப்பீல் இல்லைன்னு ஒரு பேர் இருக்கு உங்களுக்கு. யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். இரண்டு நாள் யோசித்தாள். அந்தப் பேர் போனால் அவளிடம் மிச்சம் இருப்பது காலரில் நாலு ஊசிதான். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. ஐம்பதை எட்டப்போகிற வயதில் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பெண் மாதிரி நகம் கடித்தாள். முதலில் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்றாம் நாள் பண்ணைக்குப் போனாள்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் ஒரு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷ்ஷ், அளந்துக்கிட்டு இருக்கா. இரு."

அளந்து முடிக்கிறவரை ஊசியம்மா நின்றாள். பிறகு சொன்னாள். மேசை, சட்டைக் கை, இரண்டு தலை, பசை எல்லாம் சொன்னாள். கடிதத்தை மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அக்கா இலையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்போ இது பழசா?"

"இனம் பழசு."

"எம்பேரு?"

"வைக்க முடியாதுக்கா. ஏற்கனவே பேர் இருக்கு."

"அந்த போர்டைப் பாத்து எத்தனை பேர் போட்டோ எடுத்திருக்கான் தெரியுமா? நான் என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு அதைப் பிடுங்கறது?" அக்கா எழுந்து, ஏற்கனவே ஈரமாக இருந்த தொட்டிக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "ஒரு கடுகளவு தலை. அது எந்த உடம்புல இருந்தா யாருக்கு என்னடி நஷ்டம்? நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா யாரு வந்து கேக்கப் போறா?"

அக்கா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள், வீட்டுக்கு வா என்றுகூடக் கூப்பிடவில்லை.

அன்று திரும்பி வந்த ஊசியம்மா இரண்டு வண்டுகளையும் ஈரத் துணி வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மறுநாள் காலை பசை இளகியிருந்தது. கட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு சன்ன இடுக்கியால் தலைகளைக் கழற்றி, இடம் மாற்றி வைத்தாள். கட்டம் நுண்ணோக்கியில் பார்த்தார். "ஆறுக்கு ஆறு," என்றார். அவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொன்று எழுதினாள். இதுவரை ஒற்றை உடலாக மட்டும் தெரிந்த ஓர் இனத்தின் பெண் எப்படி இருப்பாள், ஆண் எப்படி இருப்பான், இலையை எப்படிச் சுருட்டுகிறாள் என்று அதில் இருந்தது. சுருட்டுகிற பகுதி முழுக்க விதைப் பொட்டலங்களில் இருந்து வந்தது, வந்த வழியும் அக்காவின் பெயரோடு எழுதியிருந்தது. நடுவில் இரண்டு வாக்கியம்: "இம்மாதிரியின் தலையை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறாக ஒட்டியவர் இக்கட்டுரையின் ஆசிரியர். பின்னர் தலை நல்ல நிலையில் உள்ளதாக அவர் எழுதிய கடிதம் மாதிரியைப் பார்க்காமல் எழுதப்பட்டது." எழுதி முடித்ததும் பசித்தது, கீழே போய் நன்றாகச் சாப்பிட்டாள்.

கழுத்துக்காரருக்கும் தனியாக எழுதினாள். பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் அவள் தபாலைப் பார்க்கப் பயந்தாள். பதினோராம் நாள் வந்த கடிதத்தில் திட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன. ஆணின் கழுத்து பெண்ணின் கழுத்தைவிட எவ்வளவு நீளம்? உயிரோடு இருக்கும்போது தலையை எவ்வளவு தூரம் திருப்ப முடிகிறது? சரியான தலையின் படம் எப்போது கிடைக்கும்?

துறைத் தலைவர் சொன்னது சொன்னபடி நடந்தது. கட்டுரை வெளியான மாதமே இரண்டு இடங்களில் இருந்து கடிதம் வந்துவிட்டது: நீங்கள் முன்பு பார்த்ததாகச் சொன்ன இன்னின்ன மாதிரிகளைத் தயவுசெய்து இன்னொருவரைக் கொண்டு பார்க்கச் செய்ய முடியுமா? ஊசியம்மாவுக்குச் சுருக்கென்றது. தான் அனுப்பிய பழைய பதில்களை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினாள். முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு கடிதமாக எடுத்து, இழுப்பறையைத் திறந்து, வண்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் சாய்த்து, மறுபடி பார்க்க ஆரம்பித்தாள். இந்த முறை கட்டமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பதாவது கடிதத்தில் இருந்தபோது அக்கா வந்தாள். இரண்டு மாதமாக அவள் சரியாகப் பேசவில்லை. கையில் அதே டப்பா. இந்தத் தடவை காவலாளி உஷாராகித் திறந்து பார்த்து, உள்ளே நிஜமாகவே மதியச் சாப்பாடு இருந்ததைக் கண்டு ஏமாந்துபோயிருந்தார்.

"போர்டைப் பிடுங்கிட்டேன்," என்றாள் அக்கா, உட்காராமல். "வேற எழுதி வச்சிருக்கேன். 'இலை சுருட்டுது, பாருங்க, தொடாதீங்க'ன்னு. இப்போதான் கூட்டம் ஜாஸ்தி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவளைக் காட்டு. எம்பேரைத் தட்டிக்கிட்டுப் போனவளை ஒரு தடவை பாக்கறேன்."

ஊசியம்மா நான்காவது இழுப்பறையைத் திறந்தாள். சிவப்புச் சீட்டுக்காரி இப்போது தனியாக இல்லை, பக்கத்தில் பண்ணையில் இருந்து வந்த பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். அக்கா கைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு குனிந்தாள். பன்னிரண்டு ஊசியின் சீட்டிலும் பிடித்தவர் பெயர் என்று தன் பெயரே எழுதியிருப்பதைப் பார்த்து, இரண்டு தடவை எண்ணினாள். அப்புறம் சிவப்புச் சீட்டுக்கு வந்தாள்.

சிவப்புச் சீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வெள்ளைச் சீட்டு இருந்தது. பொடி எழுத்து. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "தலை தவறாக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர்..." அங்கே தங்கையின் பெயர் இருந்தது. "சரிசெய்தவர் அவரே. சாட்சி..." அங்கே ஓவியரின் பெயர்.

"இந்தச் சீட்டு எத்தனை நாள் இருக்கும்?"

"இந்த ஊசி இருக்கற வரைக்கும். நூறு வருஷம், இருநூறு வருஷம்."

"உன் பேரு, இந்த லட்சணத்துல, இருநூறு வருஷமா?" அக்காவின் கண் கலங்கிவிட்டது. கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அன்னைக்கே சொன்னேனே. யாருமே கேக்கலையேடி!"

ஊசியம்மா இழுப்பறையை மூடவில்லை. கழுத்துக்காரரின் பழைய கடிதம் மேசையில்தான் இருந்தது, அதை எடுத்து அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"ஒருத்தர் கேட்டாருக்கா," என்றாள். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி."

அக்கா கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.